இருட்டில் கோஸ்ட் மீனுக்குக் கல்லின் அளவு எப்படித் தெரிகிறது?

கேள்வி: காட்பாடி வீட்டில் பிளாக் கோஸ்ட் மீன் வளர்க்கிறேன். விளக்கை அணைத்தாலும் எதிலும் இடிக்காமல் பின்பக்கமாகவே நீந்துகிறது. பக்கத்தில் இருப்பது சின்னக் கல்லா, தள்ளி இருக்கும் பெரிய கல்லா என்று அதற்கு எப்படித் தெரியும்? போர் தண்ணீருக்கு மாற்றியதிலிருந்து புழுவைத் தேடித் தடுமாறுகிறதே, ஏன்?

பதில்: உங்கள் மீன் கண்ணை அவ்வளவாக நம்புவதில்லை. வாலில் உள்ள உறுப்பிலிருந்து வினாடிக்குச் சுமார் ஆயிரம் துடிப்பாக மின்சாரம் விட்டுக்கொண்டே இருக்கிறது. தொட்டிக்குள் கை விட்டாலும் நமக்கு ஒன்றும் உறைக்காது, அவ்வளவு மெல்லியது. உடம்பைச் சுற்றிப் பரவும் அந்த மின்சாரத்தைத் தோல் முழுக்க இருக்கும் உணர்விகள் கவனிக்கின்றன. கல்லும் பிளாஸ்டிக் குழாயும் மின்சாரத்தைத் தடுப்பதால், அவற்றுக்கு நேரே தோலில் மின்னோட்டம் குறைகிறது. புழு தண்ணீரைவிட நன்றாகக் கடத்துவதால் அங்கே கூடுகிறது. இதுதான் மீனுக்குக் கிடைக்கும் படம்.

நீங்கள் கேட்ட சந்தேகம் சரியானதுதான். கிட்டத்தில் உள்ள சின்னக் கல்லும் எட்டத்தில் உள்ள பெரிய கல்லும் ஒரே அளவு மாற்றத்தைத் தரலாம். ஆனால் பொருள் விலக விலகப் படம் மங்குவதோடு அகலமாகவும் விரியும். சுவரை ஒட்டி வைத்த கையின் நிழல் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், கையை விலக்கினால் குழம்பிப்போகும் அல்லவா? அந்த மாதிரி. ஓரத்தில் மாற்றம் எவ்வளவு சரிவாக ஏறுகிறது, நடுவில் எவ்வளவு உச்சம் தொடுகிறது என்ற இரண்டின் விகிதம் தூரத்தைச் சொல்லிவிடும், கல் பெரிதோ சிறிதோ. தூரம் தெரிந்தால் அளவும் பிடிபடும்.

இதேபோல் மின்சாரம் விடும் ஆப்பிரிக்காவின் யானைமூக்கு மீனை வைத்து 1998-இல் வான் டெர் எம்டே என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்தது. எது தள்ளி இருக்கிறது என்று சரியாகச் சொல்லப் பழகிய மீன்கள் உருண்டையிடம் மட்டும் ஏமாந்தன. அது இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டன. உருண்டையின் படத்தில் அந்த விகிதம் இயல்பாகவே குறைவு, எட்டத்தில் உள்ள பொருளுக்கு இருப்பதுபோல. எனக்கு இந்த ஏமாற்றம்தான் சரியான ஆதாரம்.

அப்புறம், போர் தண்ணீர். நம் பக்கத்து உப்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உப்பு ஏறினால் தண்ணீரே நன்றாகக் கடத்தும், புழுவுக்கும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் குறையும். உங்கள் கோஸ்ட் வகையிலேயே சோதித்திருக்கிறார்கள்: மின்கடத்தல் கூடக்கூட, இரையைக் கண்டுபிடிக்கும் தூரம் குறைகிறது. ஆர்.ஓ. தண்ணீரையோ மழைநீரையோ கலந்து, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். அதுவரை புழுவை ஒரே மூலையில் போடுங்கள். சின்னத் தொட்டியில் இன்னொரு கோஸ்ட் வேண்டாம், சண்டை போடும்.