தாழ்ச்சியால் மன அமைதி கிடைக்குமா?

"திருவருகைக் காலத்தில் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்) தாழ்ச்சியோடு, அதாவது பணிவோடு இருந்தால் மனசுக்கு அமைதி வரும் என்கிறார்களே, யாருக்காவது நிஜமாக வந்திருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கு வந்தது. தேடிப் போகவில்லை, வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தவனுக்கு வந்து சேர்ந்தது.

சோமனூர் பக்கம் சின்னக் கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சபை) எங்களுடையது. பதினாறு வருசமாகக் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் (இயேசு பிறந்த மாட்டுக்கொட்டகைக் காட்சி) வைப்பது என் பொறுப்பு. சாக்கை சிமெண்டுப் பாலில் முக்கி மலை நிறுத்துவேன். தட்டத்தில் ராகி முளைக்கப் போட்டால் புல்வெளி. சோளத்தட்டில் கூரை, சின்ன மோட்டார் வைத்து அருவி. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போட்டோ எடுப்பார்கள். அசிசி நகரப் புனித பிரான்சிஸ் 1223ல் இத்தாலியின் கிரேச்சோவில் வைத்த குடிலில் வைக்கோலும் தீவனத் தொட்டியும் நிஜ மாடும் கழுதையும்தான் இருந்தன என்று பிள்ளைகளுக்கு வருசா வருசம் கதை சொல்வதும் நான்தான். சொல்லும்போது பின்னால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டு வருசத்துக்கு முன்னால், திருவருகை முதல் ஞாயிறு பூசை முடிவில், "இந்த வருசம் குடிலை இளைஞர்கள் பார்த்துக்குவாங்க" என்று பங்குச் சாமியார் அறிவித்துவிட்டார். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது தப்புதான், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நான் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன். எட்டுத் தறி ஓடினாலும் கட்டையாட்டம் தூங்குவேன். அந்த வாரம் தறி நின்ற பிறகும் தூக்கம் வரவில்லை. யார் போட்டுக் கொடுத்திருப்பார்கள், போன வருசம் கணக்குக் கேட்டபோது நான் பேசியது பிடிக்கவில்லையோ என்று மனசு ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டாம் வாரம் புதன்கிழமை வீட்டுக்காரி பூசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நற்செய்தி வாசகம் மத்தேயு 11, இயேசு சொல்வது: சுமை சுமந்து சோர்ந்தவர்களே வாருங்கள், என் நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், நான் மனத்தாழ்மை உடையவன், உங்கள் உள்ளத்துக்கு இளைப்பாறுதல் கிடைக்கும். எத்தனையோ தடவை கேட்டதுதான். அன்றைக்கு 'நுகம்' என்ற சொல் வந்ததும் எங்கள் அப்பாரு நினைவுக்கு வந்தார். காங்கேயம் காளை ஒரு ஜோடி வைத்திருந்தார். அதில் ஒன்று எப்போதும் தலையைத் தூக்கிக்கொண்டே நடக்கும். அதன் கழுத்துத்தான் புண்ணாகும், கூட வருவதற்கும் வலி. "தலையத் தாழ்த்துனா அதுக்குத்தான் சொகம், கேக்க மாட்டீங்குது" என்று மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே திட்டுவார்.

(ஞானோபதேசத்தில், அதாவது சின்ன வயது மறைக்கல்வியில், ஆங்காரத்துக்கு மருந்து தாழ்ச்சி என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். பத்துப் போட்ட காளைதான் புரியவைத்தது.)

சனிக்கிழமை ஒரு கட்டு சோளத்தட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். பசங்க யோசனை கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை. கேட்கவில்லை. நானாகத்தான், "ஏப்பா, நான் என்ன செய்யட்டும்?" என்றேன். வார்த்தை வாயில் வருவதற்குள் வேர்த்துவிட்டது. ஏணி மேல் இருந்த பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இந்த ஒயரைக் கொஞ்சம் புடிச்சுக்குங்ணா, கீழ உட்றாதீங்க" என்றான்.

முக்கால் மணி நேரம் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு வேலை ஒன்றும் இல்லை. எதிரே குழந்தை இல்லாத காலித் தொட்டி. குழந்தையை 24ஆம் தேதி ராத்திரிதான் வைப்பார்கள். அத்தனை வருசம் அந்தத் தொட்டியைச் செய்தவன், அதன் முன்னால் சும்மா நின்றது அன்றைக்குத்தான். சாமியார் மேல் இருந்த கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அன்று ராத்திரி படுத்ததும் தூங்கிவிட்டேன்.

பசங்க நிறுத்திய மலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. எப்படியும் சரிந்துவிடும் என்று நினைத்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் வரை ஓர் அங்குலம் அசையவில்லை.