மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போங்கள்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி 21 வருடங்கள். கணவருக்கு வயது 52. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவர் வேலை காரணமாக இப்போது டோக்கியோவில் இருக்கிறோம். வரும் ஜனவரியில் இரண்டு நாள் தங்க, அகிதா பக்கம் நியூதோ மலையில் ஒரு பழைய மர விடுதியில் அறை போட்டிருக்கிறார். அங்கே வெந்நீர் ஊற்றில் உடையில்லாமல்தான் குளிக்க வேண்டுமாம். ஆணும் பெண்ணும் சேர்ந்து இறங்கும் குளம்கூட உண்டாம். நினைத்தாலே கூசுகிறது. நாங்கள் சைவம் வேறு. வேண்டாம் என்றால் அவர் முகம் வாடிவிடும். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, போய் வாருங்கள். ஆனால் நீங்கள் போகிற போக்கில் சொன்ன அந்த மாத்திரை விஷயம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கூச்சம். இத்தனை வருடம் உடம்பை மூடியே பழகியவருக்கு அது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒன்சென் (ஜப்பானிய வெந்நீர் ஊற்று) என்றால் எல்லோரும் கலந்து குளிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. நியூதோவில் சில விடுதிகளில் பொதுக் குளம் இருப்பது உண்மை. அதில் இறங்கியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அங்கே மொத்தம் ஏழு விடுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி ஊற்று. உங்கள் விடுதியில் 'கஷிகிரி' உண்டா என்று அவரை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நீங்கள் இருவர் மட்டும் குளிக்கிற அறை அது. அது இல்லையென்றால் பெண்கள் பக்கம் போங்கள். விடியற்காலையில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். இறங்குவதற்கு முன் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்துவிட வேண்டும், முடியை உயர்த்திக் கட்டிக்கொள்ள வேண்டும், சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. அவ்வளவுதான் முறை.

இப்போது உங்கள் கணவர். கிளம்புவதற்கு முன் அவர் மருத்துவரைப் பார்த்து, வெந்நீர்க் குளியலுக்குப் போகலாமா என்று நேராகக் கேட்கட்டும். பழைய மரக் கட்டடங்களில் உடை மாற்றும் இடம் சில்லென்று இருக்கும். அந்தக் குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். பிறகு சூட்டில் ஊறும்போது அவை விரிந்து அழுத்தம் இறங்கும். அந்த நிலையில் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். குளிர்காலத்தில் ஜப்பானில் குளியலறைச் சாவுகள் அதிகமாவதற்கு இந்த ஏற்ற இறக்கம் ஒரு முக்கியக் காரணம். அந்நாட்டு நுகர்வோர் முகமை 41 டிகிரிக்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்குள் வெளியே வந்துவிடுங்கள் என்று சொல்கிறது. இறங்குவதற்கு முன் பாதத்தில் தொடங்கி மேலே மேலே வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். 'ககேயு' என்பார்கள். உடம்பு சூட்டுக்குப் பழக அது அவசியம். சாக்கே என்கிற அரிசி மதுவைக் குடித்துவிட்டு இறங்கவே கூடாது. சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். ஆண்கள் பக்கம் நீங்கள் போக முடியாது என்பதால், அவர் ஆளில்லாத நேரத்தில் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கஷிகிரி கிடைத்தால் நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். காய்கறிக் குழம்பு என்று வைப்பதில்கூட மீன் கொதித்த சாறு இருக்கும். 'தாஷி' என்கிற அந்தச் சாறும் வேண்டாம் என்று சில நாள் முன்பே எழுதிக் கேளுங்கள். மலைக்கு நடுவில் இருக்கும் சின்ன விடுதி, முடியாது என்றும் சொல்லலாம். அப்படியானால் ஊறுகாயும் பருப்புப்பொடியும் எடுத்துப் போங்கள். அரிசிக்குப் பெயர்போன ஊர் அகிதா, சோற்றுக்குக் குறை இருக்காது.

அப்புறம், மெட்டி. அங்கே சில ஊற்றுகளில் பால் போல வெளுத்த கந்தகத் தண்ணீர். வெள்ளி கறுத்துவிடும். அறையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். தண்ணீர் அப்படி வெளுத்திருப்பதால் கழுத்தளவு உட்கார்ந்தால் உள்ளே ஒன்றும் தெரியாது, இது உங்கள் கூச்சத்துக்கும் நல்லது.

டோக்கியோவிலிருந்து கொமாச்சி ரயிலில் தசாவாகோ வரை மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து பேருந்து. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அவர் முகம் வாடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் கூச்சம் என்று அவரிடம் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை. எனக்கு எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள். உங்களோடு இருக்கத்தானே அவர் அந்த அறையைப் பிடித்திருக்கிறார்? நீங்கள் தண்ணீரில் இறங்காமல் யுகாதா என்கிற பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, பனி விழுவதைப் பார்த்தபடி அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அவருக்கு அது போதுமாக இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.