காய்ச்சல் இறங்கும்போது கவனம் ஏற வேண்டும்

வாசகர் கேள்வி பதில்: தாதியர் உரிமத் தேர்வு

கே: மலேசியத் தாதியர் வாரியத் தேர்வு தேறிவிட்டேன். இப்போது அமெரிக்காவின் என்க்ளெக்ஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். பாடம் தெரிகிறது. ஆனால் நோயாளி விவரம் பக்கம் பக்கமாக வந்தால் எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று திணறுகிறேன். - வாசகி, செந்தூல்

2023 ஏப்ரல் முதல் அந்தத் தேர்வு புதிய வடிவத்தில் நடக்கிறது. ஒரே நோயாளியைப் பற்றி ஆறு கேள்விகள் தொடர்ந்து வரும். அந்த ஆறும் ஒரு தாதியின் சிந்தனை நகரும் வரிசையிலேயே அமைந்தவை: எதைக் கவனித்தாய், அதற்கு என்ன பொருள், எது முதல் ஆபத்து, என்ன செய்யலாம், எதை இப்போது செய்வாய், செய்தது பலித்ததா.

நம் ஊர் வார்டில் தினமும் பார்க்கும் டெங்கியையே எடுத்துப் பாருங்கள். 24 வயதுப் பெண், காய்ச்சலின் ஐந்தாம் நாள். காலையில் உடல் சூடு 38.9, நாடி 88, ரத்த அழுத்தம் 110/70, ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) 39, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 96,000. மதியம் சூடு 37.2, நாடி 118, அழுத்தம் 100/84, ஹெமட்டோக்ரிட் 47, பிளேட்லெட் 38,000. மூன்று முறை வாந்தி, வயிற்று வலி, கை கால் சில்லிட்டிருக்கிறது. "காய்ச்சல் விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாமா?" என்று அம்மா கேட்கிறார்.

பெரும்பாலோர் கண் முதலில் 38,000-இல் போய் நிற்கும். தேர்வு வைக்கும் பொறி அதுதான். இந்த நேரத்தில் உயிருக்கு உலை வைப்பது பிளாஸ்மா கசிவு. ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியேறுகிறது, சிவப்பணுக்கள் உள்ளேயே தங்குகின்றன. அதனால்தான் ஹெமட்டோக்ரிட் 39-இலிருந்து 47-க்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, ஏறியது. குறைந்த நீரை ஈடுகட்ட உடல் குழாய்களை இறுக்குகிறது, கீழ் அழுத்தம் ஏறுகிறது. மேல், கீழ் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் காலையில் 40, இப்போது 16. டெங்கியில் 20 அல்லது அதற்குக் கீழ் வந்தாலே அதிர்ச்சி நிலை (ஷாக்) தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். மேல் அழுத்தம் 100 இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள், அது கடைசியில்தான் விழும். காய்ச்சல் இறங்குவதும் இங்கே நல்ல செய்தி இல்லை. கசிவுக் கட்டம் பெரும்பாலும் சூடு தணியும் வேளையில்தான் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

ஆகவே முதல் வேலை: நோயாளியை விட்டு நகராமல் மருத்துவரை உடனே அழைப்பது, பெரிய அளவு கேனுலா (நரம்புக்குள் செருகும் குழாய்) போட்டு உத்தரவுப்படி நார்மல் சலைன் (உப்பு நீர்) போன்ற திரவத்தைத் தொடங்குவது, சிறுநீரை மணிக்கு மணி அளப்பது. தசையில் ஊசி வேண்டாம், டைக்ளோஃபெனக் வகை வலி மருந்தும் வேண்டாம். ரத்தக் கசிவு இல்லாதபோது எண்ணிக்கை குறைந்ததற்காக மட்டும் பிளேட்லெட் ஏற்றுவது சரியான விடை ஆகாது.

ஆறாவது கேள்வியில்தான் நன்றாகப் படித்தவர்களும் வழுக்குகிறார்கள். திரவம் ஏற்றிய பின் ஹெமட்டோக்ரிட் 47-இலிருந்து 36-க்கு வந்துவிட்டது. தேறிவிட்டாரா? நாடியைப் பாருங்கள். நாடி தணிந்து, அழுத்த வித்தியாசம் விரிந்து, சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 0.5 மில்லி வந்தால் தேறுகிறார். நாடி 130, அழுத்தம் சரிகிறது, ஹெமட்டோக்ரிட்டும் இறங்குகிறது என்றால் உள்ளே எங்கோ ரத்தம் போகிறது. ஒரே எண், இரண்டு நேர்மாறான பொருள். எந்த எண்ணையும் தனியே படிக்காமல், முந்தைய எண்ணோடும் பக்கத்து எண்ணோடும் சேர்த்துப் படிப்பதைத்தான் நீங்கள் பழக வேண்டும். வார்டில் ஒவ்வொரு முறை சார்ட் எழுதும்போதும் இதைச் செய்யலாம்.

கே: "முதலில் என்ன செய்வாய்?" என்று கேட்டால் எப்போதும் "நோயாளியைப் பரிசோதி" என்ற விடையையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பல முறை தப்பாகிறதே? - வாசகர், பட்டர்வொர்த்

தப்பாகத்தான் செய்யும். கேள்வியிலேயே தேவையான விவரம் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வரவில்லை என்றால் பரிசோதனை, வந்துவிட்டது என்றால் செயல். நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒன்றே தீங்கு செய்கிறது என்றால், அதை நிறுத்துவதுதான் முதல் செயல்.

ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம். நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. உடல் சூடு பார்ப்பது, மருத்துவரை அழைப்பது, ரத்தத்தை நிறுத்துவது எல்லாமே செய்ய வேண்டியவைதான். ஆனால் சூடு பார்க்கும் அந்த நிமிடத்திலும் பொருந்தாத ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கும். நிறுத்துங்கள். பழைய டியூப்பைச் சலைனால் கழுவி விடாதீர்கள், அதில் தேங்கியிருக்கும் ரத்தமும் உடம்புக்குள் போய்விடும். புது செட் மாட்டி நார்மல் சலைனால் நரம்பு வழியைத் திறந்து வையுங்கள். பிறகு நாடி, அழுத்தம், மருத்துவருக்குத் தகவல், நோயாளியின் பெயர்ப்பட்டையையும் பையின் லேபிளையும் மறுபடி ஒப்பிடுவது. பையையும் டியூப்பையும் குப்பையில் போடாமல் ரத்த வங்கிக்கு அனுப்ப வேண்டும்.

இனிப்புநீர் நோயாளி வியர்த்து உளறும்போது குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் குத்திப் பாருங்கள், சில நொடிதான். கருவி இல்லை என்றால் தேடிக்கொண்டு ஓடாமல் சர்க்கரை குறைந்ததாகவே கொண்டு சிகிச்சை தொடங்குங்கள். விழுங்க முடிந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். 15 நிமிடம் கழித்து மறுபடி அளவு பார்க்க வேண்டும். மைலோவோ தே தாரேக்கோ வேண்டாம், பாலில் உள்ள கொழுப்பு சீனி ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

கே: "பொருந்துவன எல்லாம் தேர்ந்தெடு" வகையில் எல்லாவற்றையும் அழுத்திவிட்டால் பாதி மதிப்பெண்ணாவது கிடைக்குமா? - வாசகி, பத்து கேவ்ஸ்

அதை நம்ப முடியாது. அந்த வகையில் சரியான தேர்வுக்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று கழியும். பூஜ்யத்துக்குக் கீழ் மட்டும் போகாது. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் அழுத்துங்கள். "இரண்டைத் தேர்ந்தெடு" என்று எண்ணிக்கை சொல்லும் கேள்விகளில் கழிவு இல்லை, அங்கே இடம் காலியாக விடாதீர்கள். வில்-டை (bow-tie) வடிவக் கேள்வியும் அப்படித்தான்: நடுவில் நோய் நிலை ஒன்று, ஒரு பக்கம் செயல் இரண்டு, மறு பக்கம் கண்காணிக்க வேண்டியவை இரண்டு, ஆக ஐந்து மதிப்பெண். நடுப்பெட்டியை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற நான்கும் அதிலிருந்துதான் வரும்.

கே: எந்த வேலையை யாரிடம் கொடுக்கலாம் என்ற கேள்விகள் குழப்புகின்றன. நம் வார்டில் இப்படி இல்லையே? - வாசகி, ஆயர் ஈத்தாம்

இல்லைதான். அங்கே பதிவுபெற்ற தாதிக்குக் கீழே எல்பிஎன் (Licensed Practical Nurse) என்று ஒரு நிலை உண்டு. அதை நம் ஊர்ப் பதவிகளோடு பொருத்திப் பார்க்காதீர்கள். நிலையாக இருக்கும், அடுத்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நோயாளியை எல்பிஎன்னிடம் கொடுக்கலாம். உதவியாளரிடம் குளிப்பாட்டுவது, நடக்கவைப்பது, நிலையான நோயாளியின் நாடியும் ரத்த அழுத்தமும் பார்ப்பது, உட்கொண்ட நீரும் வெளியேறிய நீரும் எழுதுவது. முதல் மதிப்பீடு, முதல் முறை கற்றுக்கொடுப்பது, பலனை எடைபோடுவது, ரத்தம் ஏற்றுவது எல்லாம் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. சாப்பாடு ஊட்டுவது உதவியாளர் வேலைதான். ஆனால் நேற்று பக்கவாதம் வந்து, விழுங்கும் திறன் இன்னும் சோதிக்கப்படாதவருக்கு ஊட்ட அனுப்பினால் அது தவறான விடை.

கே: டிரிப் கணக்கு எனக்கு நன்றாக வரும். மாதிரித் தேர்வில் மட்டும் தவறுகிறது. - வாசகர், பிறை

20 என்ற எண் கைப்பழக்கமாகியிருக்கும். நாம் இங்கே வழக்கமாகப் பயன்படுத்தும் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அமெரிக்கக் கேள்வியில் 10 அல்லது 15 என்று வரலாம். 500 மில்லி நான்கு மணி நேரத்தில் போக வேண்டும்: 500 × 20 ÷ 240, நிமிடத்துக்கு 42 சொட்டு. அதுவே 15 என்றால் 31. கணக்கைத் தொடும் முன் அந்த எண்ணை வட்டமிடுங்கள்.

அலகையும் பாருங்கள். நாம் எழுதும் ரத்தச் சர்க்கரை அளவை (mmol/L) 18-ஆல் பெருக்கினால் அமெரிக்க நூல்களில் வரும் எண் (mg/dL) கிடைக்கும், 3.2 என்பது அங்கே ஏறக்குறைய 58. சிறுநீரகச் செயலைக் காட்டும் கிரியாட்டினின் அளவை (µmol/L) 88.4-ஆல் வகுக்க வேண்டும். பொட்டாசியத்துக்கு இரண்டு இடத்திலும் ஒரே எண்தான்.