மண்வெட்டியை அப்பாவிடமே கொடுத்துவிடுங்கள்

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அம்மா தவறிய பிறகு சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். கொல்லையில் ஒருமுறை வழுக்கி விழுந்தார். அன்றே மண்வெட்டியை ஒளித்து வைத்துவிட்டேன். ஒரு வேலையும் செய்யவிடுவதில்லை. ஆனாலும் "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறார். விருந்துக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. பழைய கூட்டாளி ஒருவரோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்துவிடுகிறார். நான் என்ன குறை வைத்தேன்?

பதில்: அன்புச் சகோதரி, கவனிப்பில் நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் செய்ய ஒரு வேலையை மட்டும் மிச்சம் வைத்திருக்கலாம். விடியுமுன் பெரட்டில், அதாவது தோட்டத்து ஆள்கணக்கு எடுக்கும் இடத்தில், நின்றவர், பட்டையை எவ்வளவு ஆழம் சீவினால் மரம் காயப்படாது என்று கையாலேயே அறிந்தவர். அந்தக் கை இப்போது சும்மா கிடக்கிறது.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற உளவியலாளர்கள் செய்த ஆய்வு 1976இல் வெளிவந்தது. இரண்டு மாடிகளில் இருந்தவர்களுக்கும் ஆளுக்கொரு செடி கொடுத்தார்கள். ஒரு மாடியில், "இது உங்கள் பொறுப்பு" என்றார்கள். படம் பார்க்கும் நாளைக்கூட அவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு மாடியில், செடிக்குத் தாதியர் தண்ணீர் ஊற்றினார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் சுறுசுறுப்பாக, மகிழ்ச்சியாக மாறியிருந்தார்கள். 91 பேர்தான், சின்ன ஆய்வு. ஆயுள் கூடும் என்றெல்லாம் இதை வைத்து நான் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த இரண்டாவது மாடிதான் என் கண்முன் வந்தது.

விருந்துக்கு வராததை நினைத்து வருந்தாதீர்கள். வயது ஏற ஏற மனிதர்கள் மனதுக்கு நெருங்கிய ஒன்றிரண்டு பேரோடு மட்டும் இருக்கவே விரும்புகிறார்கள் என்று உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் விளக்கியிருக்கிறார். ஒட்டுக்கடைக் கூட்டாளி அவருக்குப் போதும். அந்த நேரத்தை மட்டும் கெடுத்துவிடாதீர்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். "இருந்து என்ன" என்று அடிக்கடி சொன்னாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ, அரசாங்கக் கிளினிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் மனம்விட்டுப் பேச வையுங்கள்.

அப்புறம், விழுந்த பயம் நியாயமானதுதான். கொல்லையில் வழுக்கும் பாசியைத் தேய்த்து விடுங்கள், வழுக்காத சப்பாத்து வாங்கிக் கொடுங்கள், மண்வெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். என்ன நடுவது என்று நீங்கள் சொல்லாதீர்கள். முருங்கையோ கீரையோ, அவர் எதை நட்டார் என்று எனக்கு எழுதுங்கள்.