கணினியில் பழைய போர் விமானங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஃபிளைட் சிமுலேட்டருக்காக, இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் ஆரம்பகால மாடல் ஆட்-ஆன் (தனியாக வாங்கிச் சேர்க்கும் விமானம்) ஒன்று வாங்கினேன். ரன்வே முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் என்ஜின் கொதித்து நின்றுவிடுகிறது. நிரலில் பிழையா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்காதீர்கள், நல்ல சரக்காகப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறீர்கள். நிஜ ஸ்பிட்ஃபயரும் தரையில் அப்படித்தான் கொதித்தது. கேமராவை விமானத்துக்கு வெளியே கொண்டுபோய் வலது இறக்கைக்கு அடியில் பாருங்கள். ஆரம்ப மாடல்களில் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ரேடியேட்டர் அங்கேதான் இருக்கிறது, அதற்கு முன்னால் இறங்கி நிற்கிறது சக்கரக் கால். ப்ரொபெல்லர் தள்ளும் காற்று அந்த இடத்துக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது, போகிற கொஞ்சத்தையும் அந்தக் கால் மறித்துக்கொள்ளும். காற்று வேகமாகப் பாய்ந்தால்தான் ரேடியேட்டர் ஆறும், அதாவது பறந்தால்தான் ஆறும்.

நானும் முதல் வாரத்தில் மூன்று என்ஜின்களைக் கெடுத்தேன். என்ஜினைக் கிளப்பிவிட்டு நிதானமாக மவுஸால் ரேடியோ குமிழைத் திருகிக்கொண்டிருப்பேன், வெப்பமானியின் ஊசி பக்கத்திலேயே ஏறிக்கொண்டிருக்கும், கவனிக்கவே மாட்டேன். இப்போது ட்ரிம் (கை, கால் அழுத்தாமலே விமானத்தை நேராக வைக்க உதவும் அமைப்பு), ரேடியோ, போகிற வழி எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுகிறேன், ரேடியேட்டர் மூடியை முழுதாகத் திறந்துவைக்கிறேன், காற்று வரும் திசைக்கு மூக்கைத் திருப்பி நிறுத்துகிறேன், அப்புறம்தான் ஸ்டார்ட்டர். நீண்ட மூக்கு முன்வழியை மறைப்பதால் பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் தரையில் ஓட்ட வேண்டும், ஆனால் வழியில் எங்கும் நிற்காதீர்கள். ஊசி எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டால் கூச்சப்படாமல் என்ஜினை அணைத்து ஆறவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் வந்த மார்க் ஒன்று (மார்க் என்பது மாடல் எண்) விமானங்களில் சக்கரத்தை மேலே மடக்க, வலப்பக்கம் இருந்த கைப்பம்பை அடிக்க வேண்டும். தரையை விட்டு எழுந்ததும் விமானி இடது கையை, என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலிலிருந்து எடுத்துக் கட்டுப்பாட்டுக் கோலைப் பிடித்து, வலது கையால் பம்பை அடிப்பார். வலது கை அடிக்கிற தாளத்துக்கு இடது கையும் தன்னையறியாமல் ஆடும், விமானம் மூக்கைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே ஏறும். புது விமானி யார் என்பதைத் தரையில் நிற்பவர்கள் அதை வைத்தே கண்டுபிடிப்பார்களாம்.

கேள்வி: த்ராட்டிலைத் தள்ளியதும் விமானம் இடது பக்கம் இழுத்துக்கொண்டு புல்லுக்குள் போய்விடுகிறது. ஜாய்ஸ்டிக் கோளாறா?

பதில்: ஜாய்ஸ்டிக் மேல் தப்பில்லை. மெர்லின் என்ஜின் பொருத்திய ஸ்பிட்ஃபயரில் ப்ரொபெல்லர், விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. சுருளாகப் பின்னால் வரும் காற்று வால் துடுப்பின் இடப்பக்கத்தில் அறையும், எதிர் முறுக்கு இடது சக்கரத்தைத் தரையில் அழுத்தும், வால் தூக்கும்போது, சுழலும் ப்ரொபெல்லர் பம்பரம் போல் பக்கவாட்டில் தள்ளும் கைரோ விளைவும் சேர்ந்துகொள்ளும். எல்லாமே மூக்கை இடப்பக்கம்தான் தள்ளும். எனவே ரட்டர் (வால் துடுப்பு) ட்ரிம்மை முழு வலதுக்கு வைத்துவிட்டு, த்ராட்டிலை மெல்ல, மிக மெல்லத் தள்ளுங்கள். முழு சக்தி தேவையே இல்லை. மார்க் ஒன்பதின் விமானிக் கையேடே சாதாரண எடைக்கு +7 முதல் +9 பவுண்டு பூஸ்ட் (என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் அழுத்தம்) போதும் என்கிறது. பின்னாளில் கிரிஃபன் என்ஜின் ஸ்பிட்ஃபயருக்கு மாறினால் எல்லாம் தலைகீழ், அது எதிர்த்திசையில் சுழல்வதால் வலப்பக்கம் இழுக்கும். மெர்லினில் பழகிய கால் பழக்கத்தில் வலது பெடலையே மிதிக்கும், ஜாக்கிரதை.

கேள்வி: மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் என்ஜின் இருமி, சில விநாடி அணைந்துவிடுகிறதே?

பதில்: அதுவும் அசல்தான். அந்த மெர்லினின் கார்புரேட்டரில் மிதவை இருந்தது. மூக்கை அழுத்தும்போது பெட்ரோல் மேலே எழும்பிவிடும், என்ஜினுக்கு வர வேண்டியது வராது. எதிரில் வந்த ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் எரிபொருளை நேராகச் செலுத்தும் முறை இருந்ததால் அது தயங்காமல் கீழே பாய்ந்து தப்பித்தது. பிரிட்டிஷ் பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் கண்டுபிடித்த ஒரு சின்ன உலோகத் துண்டு, நடுவில் துளை போட்டது, 1941-இல் எரிபொருள் குழாய்க்குள் பொருத்தப்பட்டு இந்தத் தொல்லையைப் பெருமளவு குறைத்தது. நீங்கள் ஓட்டுவது அதற்கு முந்தைய மாடல். விமானத்தை முதலில் புரட்டி, தலைகீழான பிறகு கோலை இழுத்துக் கீழே இறங்குங்கள், என்ஜின் அணையாது.

கேள்வி: ஒரு விமானம்கூட மிஞ்சாத ரகங்களையும் ஆட்-ஆனாகச் செய்கிறார்களே, அதை எப்படி நம்புவது?

பதில்: ஷார்ட் ஸ்டிர்லிங் குண்டுவீச்சு விமானத்தில் முழுதாக ஒன்றுகூட இன்று இல்லை. வெஸ்ட்லண்ட் வேர்ல்விண்டும் அப்படித்தான். ஹாக்கர் டைஃபூன் மூவாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது, முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. இப்படிப்பட்டவற்றுக்குப் பழைய வரைபடம், விமானிக் கையேடு, காக்பிட் புகைப்படம், சோதனை அறிக்கை, இவைதான் கதி. கையேட்டில் ஏறும் வேகம், இறங்கும் வேகம், என்ஜின் வரம்பு எல்லாம் இருக்கும். ஆனால் ஐலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் துடுப்பு) கைக்கு எத்தனை கனமாக இருந்தது, கோலைத் தொட்டால் மூக்கு எவ்வளவு சுருக்காக எழும்பியது என்பதற்குச் சோதனை அறிக்கைதான் வேண்டும். ஸ்பிட்ஃபயர் மார்க் ஐந்தை அமெரிக்காவின் விமான ஆய்வு அமைப்பான நாகாவின் ஆய்வாளர்களே அளந்து, 1942-இல் அறிக்கை எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரித் தாள்களை உட்கார்ந்து படித்துச் செய்தவரின் வேலைக்கும், படம் மட்டும் பார்த்துச் செய்தவரின் வேலைக்கும் உள்ள வித்தியாசம் பத்து நிமிடம் பறந்தால் கைக்குத் தெரிந்துவிடும். ஒரு விமானமும் மிஞ்சாத ரகத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் ஸ்டிர்லிங்கின் காக்பிட்டில் இனி ஒருவர் உட்கார முடிவது சிமுலேட்டரில் மட்டும்தான்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் போர் விமானம் வாங்கினேன், சுடவே முடியவில்லை.

பதில்: அது பறப்பதற்கான சிமுலேட்டர், அங்கே துப்பாக்கி வெறும் அலங்காரம். சண்டை வேண்டுமென்றால் டிசிஎஸ் என்ற போர் சிமுலேட்டர் பக்கம் போங்கள்.

கேள்வி: காசு போடாமல் ஒன்றை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாமா?

பதில்: தாராளமாக. டிசிஎஸ் வேர்ல்டை இலவசமாக இறக்கினாலே அமெரிக்கப் போர் விமானமான மஸ்டாங்கின் ஆயுதமில்லாத வடிவம், டிஎஃப்-51டி, கூடவே வரும். அதில் ஸ்டார்ட் செய்து, ஓடி, ஏறி, இறங்க ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது வெளிப்பூச்சின் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், துரு, கீறல், எண்ணெய்க் கறை எல்லாம் இப்போது எல்லோரும் அழகாகவே வரைகிறார்கள். விமானத்தைத் தப்பாகக் கையாண்டால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். போர்க்கால மஸ்டாங் டி வாங்கினால் நான் முதலில் சோதிப்பது இதைத்தான்: விமானியின் முதுகுக்குப் பின்னால் 85 அமெரிக்க காலன் டேங்க் ஒன்று இருக்கும். அதை முழுதாக நிரப்பிக்கொண்டு ஏறி, ஓர் இறுக்கமான வளைவு எடுங்கள். எடை பின்னால் போய்விட்டதால் மூக்கு தானாகவே உள்ளே மடங்கப் பார்க்க வேண்டும், கோலை இழுப்பதை விட்டு நீங்கள் முன்னால் தள்ள வேண்டிவர வேண்டும். அன்றைய விமானிகள் அந்த டேங்கைத்தான் முதலில் காலி செய்தார்கள். டேங்க் நிரம்பியிருந்தும் விமானம் சமர்த்தாக வளைகிறதென்றால், அதை வாங்காதீர்கள்.