பாத எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் சத்து மாத்திரை, வீட்டு வைத்தியம் மட்டும் போதுமா?

சுகர் இருக்கிறது, பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்கள், ராத்திரியானால் இரண்டு பாதமும் எரிகிறது, டாக்டர் கொடுத்த மாத்திரை தூங்கி வழிய வைக்கிறது, அதனால் சப்ளிமெண்டை வைத்தே ஓட்ட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே பிரச்சினைதான். சில விஷயங்கள் பலன் தரும், ஆனால் மாத்திரை வாங்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

முதலில் பி12. மெட்ஃபார்மினை ரொம்ப நாள் எடுத்தால் உடம்பு பி12-ஐ உறிஞ்சுவது குறையும், கூடவே அசிடிட்டி மாத்திரையும் போட்டால் இன்னும் குறையும். சுகரால் வரும் எரிச்சலும் பி12 குறைவால் வரும் எரிச்சலும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். பொதுவாக ரத்தத்தில் பி12 அளவு 200 pg/mL-க்குக் கீழே இருந்தால் குறைபாடு, 200-லிருந்து 300 வரை சந்தேகம் (மெத்தில் மலோனிக் ஆசிட் என்ற இன்னொரு டெஸ்ட் எடுத்தால் தெளிவாகும்). மாத்திரையை ஆரம்பித்த பிறகு டெஸ்ட் எடுத்தால் எண் ஏறித்தான் காட்டும், உண்மையில் குறைபாடு இருந்ததா என்றே தெரியாமல் போய்விடும். ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியாகப் போடுவதும் ஆபத்து: ரத்தசோகை சரியானது போலத் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போட்டதில் மதமதப்பு சில மாதங்களில் மெதுவாகக் குறைந்தது, ராத்திரி எரிச்சல் மட்டும் முழுதாகப் போகவில்லை.

அடுத்தது பி6, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 'நரம்புக்கு' என்று விற்கிற கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பி6 கொட்டிக் கிடக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 2 மி.கி.கூட இல்லை. அளவுக்கு மேல் மாதக்கணக்கில் போனால் பி6-ஏ நரம்பைக் கெடுத்து இதே மதமதப்பையும் எரிச்சலையும் கொண்டுவரும். அப்புறம் எரிச்சல் கூடிவிட்டதே என்று அதே மாத்திரையை இன்னும் ஒன்று சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டு! ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கான உச்ச அளவை நாளைக்கு 12 மி.கி. என்று இறக்கிவிட்டது. நீங்கள் சாப்பிடும் எல்லா டப்பாவின் லேபிளையும் எடுத்து பி6-ஐக் கூட்டிப் பாருங்கள்.

ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் என்ற சப்ளிமெண்ட் தினம் 600 மி.கி. என்ற அளவில் சுகர் நரம்பு பாதிப்புக்கு ஆராயப்பட்ட ஒன்று. சிலருக்கு எரிச்சலும் குத்தலும் ஓரளவு குறையும், அதிசயம் எல்லாம் இல்லை. குமட்டும், சுகரையும் கொஞ்சம் இறக்கலாம், இன்சுலின் போடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அசிட்டைல் கார்னிடைன் என்ற இன்னொரு சப்ளிமெண்டை கீமோவில் (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) இருப்பவர்கள் தொடவே வேண்டாம், டாக்ஸேன் வகை கீமோ மருந்து எடுத்த பெண்களிடம் நடந்த ஆய்வில் அது நரம்பு பாதிப்பைக் கூட்டியது.

வெளியே தடவுவதில் எனக்குப் பிடித்தது கேப்சைசின் க்ரீம், மிளகாயின் காரச் சத்து. 0.075 சதவீத க்ரீமை ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை விடாமல் தடவ வேண்டும், முதல் சில நாள் எரிச்சல் கூடத்தான் செய்யும், பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். கையுறை போட்டுத் தடவுங்கள், வெடிப்போ புண்ணோ இருக்கும் இடத்தில் வேண்டாம்.

வெந்நீரில் கால் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். உப்புப் போட்ட வெந்நீர், ஹீட்டிங் பேட், வெந்நீர்ப் பை எல்லாவற்றுக்கும் இதேதான். இதமாக எண்ணெய் தடவிக்கொள்ளலாம், விரல் இடுக்கில் மட்டும் ஈரம் தங்க விடக்கூடாது. தினமும் நடப்பது உண்மையிலேயே உதவுகிறது, சரியான செருப்போடு, வந்ததும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டு.

சுகரைக் கட்டுக்குள் கொண்டுவருவதில்கூட அவசரம் ஆகாது. எச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) மூன்று மாதத்தில் 2 சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்தால் அதனாலேயே கடும் எரிச்சல் கிளம்பலாம், பயந்துபோய் மருந்தை விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் வேகத்தைப் பேசுங்கள்.

தூக்க மாத்திரை போல இருக்கிறது என்றீர்களே, அது ப்ரீகாபலின் அல்லது காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தாக இருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது. அளவைக் குறைக்கலாமா, பெரும்பகுதியை ராத்திரிக்கு மாற்றலாமா, டுலாக்ஸெடின் என்ற வேறு நரம்பு வலி மருந்து ஒத்துவருமா என்று கேளுங்கள். ஒரு காலில் மட்டும் வந்தாலோ காலில் புண் வந்தாலோ தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். சில நாளிலேயே பலவீனம் மேலேறினாலோ சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.