ஷபிரோ என்ற குடும்பப் பெயர் உள்ள யூதர்கள் எல்லோரும் ஒரே வம்சமா?

கேள்வி இது: "புது மேனேஜர் வந்திருக்கிறார், பெயர் ஷபிரோ. இணையத்தில் தேடினால் ஆளுநர், வக்கீல், விஞ்ஞானி என்று திரும்பிய பக்கமெல்லாம் ஷபிரோ. இவர்கள் எல்லோரும் ஒரே வம்சமா? பெரிய இடத்து ஆட்களா? எங்கிருந்து வந்தவர்கள்?"

உங்களுக்கு அமெரிக்க மேனேஜர் வாய்த்திருக்கிறார், முதல் மீட்டிங்குக்கு முன்னால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்கள். சரிதானே? நானும் அந்த வழியாக வந்தவன்தான். வம்சம் ஒன்று என்று சொல்ல முடியாது, ஊர்தான் ஒன்று. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் இருக்கும் ஷ்பையர். நான் குடியிருக்கும் ஹைடெல்பர்க்கிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். பக்கத்து ஊர்க்காரன் என்ற உரிமையில்தான் இந்தப் பதில்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வரலாறு படித்தவன் இல்லை. சம்பளப் பட்டியல் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவன். இஸ்ரேல், காசா பற்றி என் கருத்தை இங்கே தேடாதீர்கள். ஒரு குடும்பப் பெயரைப் பற்றி எழுதினால்கூட "நீ எந்தப் பக்கம்?" என்று கேட்க ஆள் வந்துவிடுகிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து எங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், குடும்பப் பெயர் ஷபிரோ. வெள்ளிக்கிழமை கேன்டீனில், "ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் இருப்பேன், ஷ்பையருக்கு எப்படிப் போவது?" என்று கேட்டார். நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஊரிலிருந்து வரும் மாமா, சித்தப்பா எல்லோரையும் அங்கே அழைத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். அங்குள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் ஒரு முழு போயிங் 747 விமானத்தைத் தூண்களின் மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள், அதன் இறக்கையில்கூட நடக்கலாம். அப்புறம் கதீட்ரல், ஐஸ்கிரீம், ரயில். எங்களுக்கு ஷ்பையர் என்றால் அவ்வளவுதான். இவருக்கு விமானம் வேண்டாமாம். கதீட்ரலையும் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். நேராக ஜூடன்ஹோஃப் போக வேண்டும் என்றார். பழைய யூதக் குடியிருப்பின் முற்றம் அது, கதீட்ரலிலிருந்து பொடிநடை.

அங்கே இருக்கும் சின்ன அருங்காட்சியகத்தின் பெயரே 'ஷ்பிரா'. பலகையைப் பார்த்ததும் மனுஷர் உள்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். பெயர் உள்ள பக்கத்தைத் திறந்து, பாஸ்போர்ட் எண்ணைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, பலகைக்குப் பக்கத்தில் பிடித்தபடி "இதை ஒரு படம் எடு" என்றார். எடுத்தேன். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று மறுபடி எடுக்க வைத்தார்.

விஷயம் என்னவென்றால், லத்தீனில் அந்த ஊருக்கு ஸ்பிரா என்று பெயர். இடைக்கால யூதர்கள் அதை ஹீப்ரு எழுத்தில் எழுதி ஷ்பிரா என்றார்கள். ஹீப்ருவில் உயிர்க்குறிகளைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதனால் அதே எழுத்துகளை ஷபிரா என்றும் வாசிக்கலாம், அப்படி வாசித்தால் அரமேய மொழியில் 'அழகிய' என்று பொருள். பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான் என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு ஊர்தான் நம்பும்படி இருக்கிறது. ஏனென்றால் ஜெர்மானிய ஊர்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். ஹைல்ப்ரான் என்ற ஊரிலிருந்து ஹால்பெரின், மைன்ஸ் நகரத்திலிருந்து மின்ட்ஸ், கின்ஸ்பர்க்கிலிருந்து கின்ஸ்பெர்க், ஓப்பன்ஹைமிலிருந்து ஓப்பன்ஹைமர். அணுகுண்டு ஓப்பன்ஹைமரின் பெயரில் இருப்பது மைன்ஸுக்கும் வோர்ம்ஸுக்கும் நடுவே திராட்சைத் தோட்டங்களுக்குள் இருக்கும் ஒரு சின்ன ஊர். வார இறுதியில் சைக்கிளில் போகும் இடம்.

ஷ்பையருக்கு யூதர்கள் வந்த தேதியே எழுத்தில் இருக்கிறது. 1084இல் பிஷப் ரூடிகர் ஒரு சாசனம் கொடுத்தார். ஊரைப் பெரிய நகரமாக்க நினைத்தேன், யூதர்களையும் குடியேற்றினால் அதன் பெருமை ஆயிரம் மடங்கு கூடும் என்று எண்ணினேன் என்கிற தோரணையில் ஆரம்பிக்கும். மற்றவர்கள் தொந்தரவு செய்யாதபடி குடியிருப்பைச் சுற்றி மதில், பொன் வெள்ளி மாற்றிக்கொள்ள உரிமை, விற்க வாங்க உரிமை, தனி இடுகாடு, தங்களுக்குள் வழக்குத் தீர்க்கும் அதிகாரம். பதிலுக்கு வருடம் மூன்றரை பவுண்டு ஷ்பையர் நாணயம். 1090இல் பேரரசர் நான்காம் ஹென்றியும் இதை உறுதிசெய்தார். இன்றைக்கு ஒரு தொழிற்பேட்டைக்கு ஆள் பிடிக்கிற அரசாங்கம் பேசுகிற மாதிரியே இருக்கும்.

1104இல் தொழுகைக்கூடம் எழும்பியது. கிழக்குச் சுவர் இப்போதும் நிற்கிறது. அதைவிட என்னைப் பிடித்துப்போட்டது மிக்வே என்கிற சடங்குக் குளியல் கிணறு. 12ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கட்டியது. படிகளில் சுமார் 10 மீட்டர் இறங்க வேண்டும். கடைசிப் படிகள் அரைவட்டமாக வளைந்து போகும், கீழே நிலத்தடி நீர். ஓடுகிற அல்லது ஊறுகிற தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, குடத்தில் மொண்டு ஊற்றி நிரப்பக் கூடாது. கதீட்ரலில் வேலை செய்த கொத்தர்களே இதையும் கட்டியிருப்பார்கள் என்கிறார்கள், தூண்களின் தலைப்பில் உள்ள செதுக்கலைப் பார்த்தால் நம்பலாம். எங்கள் ஷபிரோ முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கி, குனிந்து, விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்துவிட்டு "ஜில்லென்று இருக்கிறது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

"அப்படியானால் உங்கள் முன்னோர் இந்தத் தண்ணீரில்தான் குளித்தார்களா?" என்று மேலே வந்ததும் கேட்டேன். சிரித்துவிட்டார். அவர் தாத்தா பின்ஸ்க் பக்கத்து ஆள், இன்றைய பெலாரஸ். தாத்தாவின் கொள்ளுத்தாத்தா காலத்தில்தான் இந்தப் பெயரே வீட்டுக்கு வந்ததாம். அதுவும் மாமனார் வழியாக. மாமனார் பேர்போன பண்டிதக் குடும்பம், மாப்பிள்ளை அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார். கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் இது அபூர்வம் இல்லை. "என் ரத்தத்தில் ஷ்பையர் எத்தனை சொட்டு இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பெயர் என்னமோ முழுசாக இருக்கிறது" என்றார்.

கேள்வி கேட்டவரே, உங்கள் 'ஒரே வம்சமா'வுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷ்பையரிலிருந்து பின்ஸ்க் வரை பெயர் எப்படிப் போனது என்பது அவ்வளவு சுகமான கதை இல்லை. 1096 மே மாதம், முதல் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட கும்பல்கள் ரைன் நகரங்களில் புகுந்தன. ஷ்பையரில் அப்போதிருந்த பிஷப் யோஹான் தன் பாதுகாப்பில் வைத்துப் பெரும்பாலோரைக் காப்பாற்றினார், அப்படியும் பதினோரு பேர் வரை இறந்தார்கள். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் நூற்றுக்கணக்கில். 1349 ஜனவரியில், கொள்ளைநோய்க்கு யூதர்கள்தான் காரணம் என்று பழி கிளம்பியபோது ஷ்பையரையும் யாரும் காப்பாற்றவில்லை. பலர் தங்கள் வீடுகளிலேயே தீயில் மடிந்தார்கள். பிணங்களைக் காலி ஒயின் பீப்பாய்களில் போட்டு ரைனில் உருட்டிவிட்டதாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு சேர்ப்பதும் விரட்டுவதுமாக 15ஆம் நூற்றாண்டு கழிந்தது. பிழைத்தவர்கள் ஃபிராங்க்ஃபர்ட், பொஹீமியா, போலந்து என்று கிழக்கே நகர்ந்தார்கள். ஊரை விட்டு வெளியேறினால்தானே ஊர்ப்பெயர் ஒட்டும்? செம்மங்குடியிலேயே இருப்பவரை யாரும் 'செம்மங்குடி' என்று கூப்பிடுவதில்லை. வெளியூர் மேடையில்தான் அந்தப் பெயர்.

16ஆம் நூற்றாண்டிலேயே கிரோட்னோவில் நாதான் ஸ்பிரா என்ற ரப்பி, அதாவது யூத மதகுரு, இருந்தார், 1577இல் காலமானார். அதே பெயர் கொண்ட பேரன் கிராக்கோவில் பெரிய மறைஞானி, 1633இல் இறந்தார். எலியா தீர்க்கதரிசி அவரோடு நேருக்கு நேர் பேசினார் என்று சொல்வார்கள். உக்ரைனில் ஸ்லாவுடா என்ற ஊரில் ஷபிரா குடும்பத்தின் அச்சகம், அங்கே அச்சான தல்மூத் என்னும் யூத மதச் சட்ட நூல் அந்தக் காலத்தில் பேர்பெற்றது. 1830களில் தொழிலாளி ஒருவர் தூக்கில் தொங்கிய சம்பவத்தை வைத்து ஜார் அரசு வழக்குப் போட்டு, அச்சகத்தை நடத்திய சகோதரர்களுக்குக் கசையடித் தண்டனை கொடுத்தது. கார்பாத்தியன் பக்கம் முன்காச் ஊரில் ஸ்பிரா ரப்பிகள். வார்சாவுக்கு அருகே பியாசெச்னோவில் கலோனிமுஸ் கல்மான் ஷபிரா. அவர் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்த வார்சா கெட்டோவில் ஆற்றிய உரைகளைப் புதைத்து வைத்தார், போருக்குப் பிறகு அவை கிடைத்தன. அவர் 1943இல் கொல்லப்பட்டார். கலோனிமுஸ் என்பது இடைக்கால ஷ்பையரில் யூத சமூகத்துக்குத் தலைமை தாங்கிய குடும்பத்தின் பெயர் என்பதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. எத்தனை தூரம் தள்ளிப்போய், எத்தனை நூறு ஆண்டு கழித்து!

இப்படிப் பண்டிதக் குடும்பங்களுக்குத்தான் முன்பே நிலையான பெயர் இருந்தது. மற்ற யூதர்களில் பெரும்பாலோர் தன் பெயர், அப்பா பெயர் என்றே இருந்தார்கள். அரசாங்கங்களுக்கு அது பொறுக்கவில்லை. ஆஸ்திரியா 1787இல், ரஷ்யா 1804இல், பிரான்சில் நெப்போலியன் 1808இல், பிரஷ்யா 1812இல், ஆளுக்கொரு குடும்பப் பெயர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று சட்டம். வரி வசூலுக்கும் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கவும் வசதி. அப்போது கௌரவமான பெயர் என்று ஷபிரோவை எடுத்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு என் கதை ஞாபகம் வந்து கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்கும் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். இங்கே ஓர் அலுவலகத்தில் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று என் அப்பா பெயரைத் தூக்கி அதில் போட்டார்கள். அன்றிலிருந்து எல்லோரும் என்னை 'ஹெர்' (நம் 'திரு') போட்டு என் அப்பா பெயரால் கூப்பிடுகிறார்கள். அப்பாவோ தஞ்சாவூரில் இருக்கிறார். அழைப்பு மணியிலும் அப்பா பெயர். மனைவிக்கு அவள் அப்பா பெயர். மகளுக்கு அவள் தாத்தா பெயர். பள்ளியில் "நீங்கள்தான் அப்பா என்பதற்கு ஆதாரம்?" என்கிறார்கள். இந்த லட்சணத்தில் "உங்கள் ஊரில் ஒழுங்கான பெயர்முறையே இல்லையா?" என்று வீட்டுக்காரர் அனுதாபம் வேறு. ஐயா, இருநூறு வருடம் முன்பு உங்கள் ஊரிலேயே அப்பா பெயரோடு நிம்மதியாக இருந்தவர்களை உட்கார வைத்துப் பெயர் எழுத வைத்தீர்களே! சரி, விடுங்கள்.

இன்னொரு விஷயம். யூதக் குடும்பப் பெயர் என்றாலே ராத்ஸ்சைல்ட், உலகத்தை ஆளும் ரகசியக் குடும்பம் என்று வாட்ஸப்பில் ஃபார்வர்டு அனுப்பும் உறவினர்கள் எனக்கும் உண்டு. அந்தப் பெயர் ஃபிராங்க்ஃபர்ட் யூதர் தெருவில் ஒரு வீட்டு வாசலில் இருந்த சிவப்புக் கேடயச் சின்னத்திலிருந்து வந்தது. பெயர் ஒட்டிக்கொண்ட பிறகு குடும்பம் அந்த வீட்டை விட்டே போய்விட்டது. வங்கியைத் தொடங்கிய மேயர் ஆம்ஷெல் பின்னாளில் வாழ்ந்தது பச்சைக் கேடய வீட்டில்.

இப்போது எங்கே இருக்கிறார்கள்? 1881க்குப் பிறகு ரஷ்யப் பேரரசிலிருந்து அலை அலையாக அமெரிக்கா போனவர்களோடு பெயரும் போனது, அங்கே ஷபிரோ. இஸ்ரேலில் ஷபிரா, 1948 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஹைம் மோஷே ஷபிரா ஓர் உதாரணம். நீங்கள் தேடியபோது வந்த ஆளுநர் பென்சில்வேனியாவின் ஜோஷ் ஷபிரோ, 2023 முதல் பதவியில். விஞ்ஞானி பெரும்பாலும் இர்வின் ஷபிரோ, சூரியனுக்கு அருகே ரேடார் அலை தாமதமாகும் என்று 1964இல் சொன்னவர். புள்ளியியல் படித்திருந்தால் 1965இல் வந்த ஷபிரோ-வில்க் சோதனையும் தெரிந்திருக்கும், அது சாமுவேல் ஷபிரோ. இவர்களைச் சொந்தக்காரர்கள் ஆக்க முயலாதீர்கள்.

எனக்குப் பிடித்தவர் ஹெர்மான் ஷபிரா. லிதுவேனியாவில் 1840இல் பிறந்து, எங்கள் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனவர். 1897இல் பாசலில் நடந்த முதல் சியோனிச மாநாட்டில், அதாவது யூதர்களுக்கெனத் தாயகம் வேண்டும் என்றவர்களின் மாநாட்டில், யூதர்களுக்கு நிலம் வாங்க ஒரு பொது நிதி வேண்டும் என்று முன்மொழிந்தார். அந்த அரசியலில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் சொல்ல வருவது, லிதுவேனியா வரை போன பெயர் திரும்பி வந்து ஷ்பையருக்கு இத்தனை பக்கத்தில் வகுப்பெடுத்திருக்கிறது. ஹைடெல்பர்க்கில் என்னோடு வேலை செய்யும் ஜெர்மானியர்களுக்கே இது தெரியாது.

உங்கள் மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். பெயரின் ஸ்பெல்லிங்கைப் பாருங்கள். கடைசியில் ஓ இருந்தால் முன்னோர் பெரும்பாலும் ரஷ்யப் பேரரசின் லிதுவேனியா, பெலாரஸ், உக்ரைன் பக்கம். முதலில் எஸ், இஸட் என்று இருந்தால் போலிஷ் எழுத்துமுறை. சி, ஹெச் என்றால் இடையில் பிரான்ஸ் வந்திருக்கும். எஸ், பி என்று தொடங்கி ஸ்பிரா, ஸ்பிரோ என்றிருந்தால் ஜெர்மனி, ஹங்கேரிப் பக்கம் தேடலாம். அமெரிக்காவில் இறங்கிய பிறகு ஸ்பெல்லிங்கை மாற்றிக்கொண்டவர்களும் உண்டு, அதனால் என்மேல் சத்தியம் செய்துவிடாதீர்கள். மீட்டிங்கில் பேச்சு வந்தால் "உங்கள் தாத்தா எந்த ஊர்?" என்று கேளுங்கள், அதற்கு அவர்கள் மணிக்கணக்கில் பதில் சொல்வார்கள். முதல் மீட்டிங்குக்கு மட்டும் அரை மணி நேரம் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள்.